தாமிரபரணியைப் பாவைக்கூத்தில் காட்ட நினைக்கும் டீச்சருக்கு

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை கேட்டிருக்கிறார். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தாமிரபரணியையும் சுற்றுச்சூழலையும் பற்றி 20 நிமிடத்துக்கு ஒரு பாவை நிகழ்ச்சி போட ஆசையாம். கதைக்கு எங்கே போவது, பொம்மையை எதில் செய்வது, கூத்துக்காரர் யாரையாவது கூப்பிட வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கட்டாயம் கூப்பிடுங்கள். நிகழ்ச்சி நடத்த மட்டும் கூப்பிடாமல், இரண்டு நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொடுக்கக் கூப்பிடுங்கள். அதற்கான சம்பளத்தை முன்கூட்டியே பேசி, கையில் கொடுங்கள். பொன்னாடையும் சான்றிதழும் அதற்கு மேல்தான்.

நாம் எல்லாவற்றையும் பொம்மலாட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் நடப்பது மரப்பொம்மைகளைக் கயிற்றிலும் கம்பியிலும் கட்டி ஆட்டுகிற ஆட்டம். நம் பக்கம் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது தோல்பாவைக்கூத்து. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வரைந்து, உளியால் துளையிட்டு, சாயம் பூசி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவது. இதை ஆடுகிறவர்கள் வீட்டில் மராத்தி பேசும் கணிகர்கள். தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் வந்து, அங்கிருந்து தெற்கே மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி வரைக்கும் பரவியவர்கள். பெயருக்குப் பின்னால் ராவ் என்று இருக்கும். ஒரே ஆள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் சூர்ப்பனகைக்கும் குரல் கொடுப்பார். வீட்டாள்கள் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ராவோடு பக்கத்தில் இருப்பார்கள். எழுதிவைத்த வசனம் கிடையாது, எல்லாம் வாய்வழிதான். அப்பா ஆடியதைப் பார்த்து மகன் ஆடுவது. அதனால்தான் ஒரு குடும்பம் இந்தத் தொழிலை விட்டால் அந்தக் குடும்பம் சொன்ன கதையும் அதோடு போய்விடுகிறது.

சுற்றுச்சூழல் நிகழ்ச்சிகளில் அடிக்கடி நடக்கிற ஒரு தவறைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் அலுவலகம் ஏற்பாடு செய்த விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். நல்ல கலைஞர், நல்ல பாவைகள். ஆனால் வசனத்தை அலுவலகமே எழுதிக் கையில் கொடுத்துவிட்டது. மரத்தின் உருவத்தில் ஒரு பாவை வந்து "என்னை வெட்டாதீர்கள்" என்று ஐந்து நிமிஷம் பேசியது. அடுத்து மழைத்துளி வந்து பேசியது. அப்புறம் ராமரே வந்து பிளாஸ்டிக் பை வேண்டாம் என்றார். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்து தங்களுக்குள் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு கையில் பாவை, மறு கையில் தாள், குண்டு பல்பு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி அந்தக் கலைஞர் வாசித்துக்கொண்டிருந்தார். 50 வருஷம் தாளே இல்லாமல் ஆடிய மனிதர். எனக்கு அது தாங்கவில்லை. பாவை வந்தால் ஏதாவது செய்ய வேண்டும். ஓட வேண்டும், விழ வேண்டும், அடி வாங்க வேண்டும், ஏமாற வேண்டும். உபதேசம் செய்ய மேடையில் ஆளா இல்லை? உங்கள் கதையில் ஒரு பாவைகூட அறிவுரை சொல்ல வேண்டாம். இது ஒன்றை மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையைக் கூத்துக்குள் புதிதாகக் கொண்டுவர வேண்டியதும் இல்லை. கூத்துக்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி காடுதான். வானரக் கூட்டம், ஜடாயு, மாயமான், பஞ்சவடி மரங்கள், கடல். ஜடாயுவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தா காலத்தில் செத்த மாட்டைச் சுற்றி இறங்கிய பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகை இன்றைக்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பார்த்திருக்கவே மாட்டார்கள். மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிமருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது நீலகிரி, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. ராவணன் வெட்டாமலேயே ஜடாயு விழுந்த கதை இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கிடைத்தால் இதையே தனி நிகழ்ச்சியாகப் போடலாம். அதேபோல முண்டந்துறைக் காட்டுச் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை, சொல்ல வானரப் பாவை ஒன்று போதும். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரிமயிர் ஒட்டிவிட்டால் சிங்கவால் குரங்கு தயார்.

மழைக்கும் கூத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. மழை பொய்த்த வருஷம் ஊர்கூடிப் பாவைக்கூத்துக்காரரை அழைத்து ராமாயணம் நடத்துவார்கள். பட்டாபிஷேகம் முடிந்தால் மழை பெய்யும் என்று நம்பிக்கை. அதற்கும் பெய்யாவிட்டால் வைக்கோலில் கொடும்பாவி கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அதுவும் ஒரு பாவைதானே! வானத்தோடு பேச வேண்டியபோதெல்லாம் நம் ஊர்க்காரர்கள் ஒரு பாவையைச் செய்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பாட்டிமாரிடம் பிள்ளைகளை அனுப்பி, கொடும்பாவி இழுத்ததைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நீங்கள் தேடிப் போகாத வசனமெல்லாம் அதில் கிடைக்கும்.

சரி, கதைக்கு வருவோம். நீங்கள் சேரன்மகாதேவிப் பக்கம் இருப்பதால் உங்களுக்கான கதை வாசலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கன்னடியன் கால்வாய்.

இந்தக் கதை சொல்பவருக்குத் தகுந்தபடி மாறும், நான் கேட்ட வகையில் சொல்கிறேன். மலையாள தேசத்து ராஜா ஒருவருக்குத் தீராத நோய். தன் உருவத்தில் ஒரு பொம்மை செய்து, அதற்குள் பொன்னும் மணியும் நிரப்பி, நோயை அதில் ஏற்றித் தானம் கொடுத்தால் பிழைக்கலாம் என்கிறார்கள். சிலர் எள்ளுப் பொம்மை என்பார்கள், சிலர் தங்கப் பதுமை என்பார்கள். வாங்கினவனுக்கு நோய் வந்துவிடும் என்பதால் யாரும் வாங்க முன்வரவில்லை. கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவன் வருகிறான். அவன் எதிரே வந்ததும் பொம்மைக்கு உயிர் வந்து மூன்று விரலைக் காட்டுகிறது. மூன்று வேளை ஜபத்தின் பலனையும் எனக்குத் தந்தால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று அர்த்தம். மாட்டேன் என்கிறான். இரண்டு விரல். அதற்கும் மாட்டேன். ஒரு விரல். சரி என்கிறான். பொம்மை அப்படியே சாய்கிறது, ராஜா எழுந்துவிடுகிறார்.

இந்த இடத்தைத் திரையில் நினைத்துப் பாருங்கள். பாவைக்கூத்துக்குள்ளேயே ஒரு பாவை. வசனமே வேண்டாம். இருட்டில் ஒரு கை மட்டும் உயர்கிறது, மூன்று விரல், அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. கைக்கு மட்டும் மூன்று அட்டை வெட்டிவைத்து மாற்றி மாற்றிக் காட்டினால் போதும். முன்வரிசையில் ஒரு பிள்ளைகூடத் திரும்பாது.

கிடைத்த பொன்னை அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நல்ல காரியத்துக்குச் செலவிட வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்கப் பொதிகைக்கு அகத்தியரைத் தேடிப் போகிறான். போகிற வழியில் அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் பொன்னை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். திரும்பி வந்து கேட்டால் பொன்மணிக்குப் பதில் துவரம்பருப்பு! இது முழுக்க முழுக்கச் சிரிப்புக் காட்சி. வழக்கு கோயில் வாசலுக்குப் போய், சத்தியம் செய்யச் சொல்லி, உண்மை வெளியே வந்து, பொன் கைக்கு வருகிறது. அகத்தியர் சொன்ன வழி இதுதான்: ஒரு பசு போகும், அதன் பின்னாலேயே போ. அது நடந்த வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விட்ட இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் வெட்டு.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அணைக்கட்டில் தொடங்கி வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று அந்தக் கால்வாய் இன்றைக்கும் போகிறது. 12 ஆயிரம் ஏக்கருக்கு மேல் அதை நம்பி விளைகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. கோடைமேலழகியானும் நதியுண்ணியும் அதற்கு மேலே இருக்கின்றன. அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் கீழே. பசு என்பது கதை. ஆனால் பம்பு செட்டு இல்லாத காலத்தில் தண்ணீர் தானாகவே போக வேண்டுமானால் நிலத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டியாக வேண்டும். மேய்ந்துகொண்டே போகிற மாடு மேட்டில் ஏறி மூச்சு வாங்காது, சரிவைச் சுற்றித்தான் போகும். இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டாம். பசுப்பாவையைத் திரையில் மெதுவாக, வளைந்து வளைந்து நடத்திக் காட்டுங்கள். மறுநாள் வகுப்பில் அவர்களே கேட்பார்கள்.

இதை முதல் பாதியாக வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை இன்றைய ஆற்றுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கூத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். ராமாயணமே நடந்தாலும் இடையில் புகுந்து சிரிக்க வைக்கிற கோமாளிகள் இவர்கள். ஊர்க்கதை, அரசியல், விலைவாசி எதையும் இவர்கள் வாயில் வைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உளுவை என்று நம் ஆற்றில் ஒரு மீனும் உண்டு, அடியில் மணலோடு மணலாகக் கிடக்கும். அந்தப் பெயர்ப் பொருத்தத்தையும் கதையில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாபநாசத்தில் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தால் பாவம் போகும் என்று எத்தனை பேர் விடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தன்னார்வலர்கள் இறங்கி டன் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். இதைக் கண்டித்துப் பேசினால் கேட்பவர் மனம் புண்படும், காதையும் மூடிக்கொள்வார். உளுவத்தலையனிடம் விட்டுவிடுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"ஏல, கட்டியிருந்த வேட்டிய எங்கல?"

"ஆத்துல விட்டுட்டேன் அண்ணாச்சி. பாவம் போயிரும்லா."

"பாவம் போச்சு, சரி. வேட்டி எங்கல போச்சு?"

"அது கீழ போயிருக்கும்."

"கீழன்னா?"

"கல்லடக்குறிச்சிக்கு."

"அங்க யாருல இருக்கா?"

"எங்க அக்கா இருக்கா."

அடுத்த காட்சியில் கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் அக்கா குடத்தை முக்குகிறாள். குடத்தோடு வேட்டி வருகிறது. வேட்டிக் கரையைப் பிரித்துப் பார்க்கிறாள். "இது தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த வேட்டில்லா!" என்கிறாள். மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பால் தள்ளிவிடுகிறாள். வேட்டி அங்கிருந்தும் நகர்கிறது. சேரன்மகாதேவியில் ஓர் உளுவை மீனின் தலையில் மாட்டுகிறது. சுத்தமல்லி அணைக்கட்டு ஷட்டரில் சிக்கித் தண்ணீரை மறிக்கிறது. குறுக்குத்துறையில் முருகன் கோயில் கல்மண்டபத்துத் தூணைச் சுற்றிக்கொள்கிறது. ஸ்ரீவைகுண்டம் தாண்டி, கடைசியில் புன்னக்காயலில் கடலுக்குள் போட்ட மீனவர் வலையில் ஏறுகிறது. பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரைக்கும் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஆற்றைப் பிள்ளைகள் ஒரு வேட்டியின் பின்னாலேயே படித்துவிடுவார்கள். கடைசியில் வேட்டி யார் கைக்கு வர வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஒரு பள்ளியில் இதைப் போட்டபோது, வலையில் வந்த வேட்டியை மீனவர் துவைத்து, காயப்போட்டு, பஸ்ஸில் பார்சல் போட்டு உளுவத்தலையனுக்கே அனுப்பிவிடுவதாக ஒரு பையன் முடித்தான். பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தைக் காட்டலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த வெள்ளம் அது. உங்கள் வகுப்பிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களாகப் பேச விரும்பினால் மட்டும் வையுங்கள். வெறும் நீலத்துணியைத் திரைக்குப் பின்னால் கீழிருந்து மெதுவாக உயர்த்தி, குறுக்குத்துறைக் கோயில் முழுகுகிற அளவில் நிறுத்துங்கள். மிருதங்கம், சத்தம் எதுவும் வேண்டாம்.

இனி பொம்மை செய்வது. தோல் பாவையைப் பள்ளியில் செய்ய முடியாது. அதை உங்களிடம் வரும் கலைஞர் காட்டட்டும். ஒரு பாவையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தோல் கண்ணாடிபோல வெளிச்சத்தை விடும், சிவப்பும் பச்சையும் ஒளிரும். நகை இருக்க வேண்டிய இடமெல்லாம் துளைதான். ராமர் கிரீடத்தில் மணிகள் என்று நாம் தூரத்தில் பார்ப்பது உளி குத்திய வெற்றிடம், அதன் வழியாக வருகிற விளக்கு வெளிச்சம். இதை ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை அட்டையில் தானாகவே நன்றாக வெட்டும்.

பிள்ளைகளுக்குப் பழைய அட்டைப்பெட்டி போதும். செதில், இறகு, இலைநரம்பு எல்லாவற்றையும் வரையாமல் துளையாக வெட்டச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகையில் வரும் கலர்த்தாளை உள்ளே ஒட்டினால் நிறம் வரும். பிடிக்க ஈர்க்குக் கட்டு அல்லது மூங்கில் பிளாச்சு. பிடரிமயிருக்கும் நாணலுக்கும் பத்தமடைப் பாய் முடைகிற வீட்டில் கழித்துப் போட்ட கோரை கேட்டு வாங்கலாம், அதுவும் இந்த ஆற்றங்கரையில் விளைந்ததுதான். பசுவுக்கும் மாட்டு வண்டிக்கும் பனையோலை. தெர்மாகோல், ஜிகினா, பிளாஸ்டிக் பூ எதுவும் வேண்டாம். ஆற்றைப் பற்றிய நிகழ்ச்சி முடிந்த மறுநாள் பள்ளிக்குப் பின்னால் தெர்மாகோல் கிடந்தால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

திரைக்கு நாலு முழ வேட்டி ஒன்று, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டியது. கீழே கறுப்புப் போர்வை, ஆட்டுகிறவர் தலை தெரியாமல் இருக்க. விளக்குக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. டியூப் லைட் வேண்டாம், வெளிச்சம் நீளவாக்கில் பரவி நிழல் மங்கிவிடும். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் ஓரம் கூர்மையாக விழும், நிறமும் தெரியும். விளக்குப் பக்கம் கொண்டுபோகப் போக நிழல் பெரிதாகிக் கலங்கும். வேட்டி மீனை மூடுகிற காட்சியில் வேட்டியை மட்டும் விளக்குப் பக்கம் நகர்த்துங்கள், திரை முழுக்க அது பரவும்.

பேசுகிற பாவை மட்டும் அசைய வேண்டும், கேட்கிற பாவை அசையாமல் நிற்க வேண்டும். பிள்ளைகள் உற்சாகத்தில் எல்லாப் பாவையையும் ஆட்டுவார்கள், யார் பேசுகிறார் என்றே தெரியாது. கலைஞர் வந்ததும் முதலில் இதைத்தான் திருத்துவார். குரலைப் பதிவு செய்து போடாதீர்கள். கூட்டம் சிரிக்கும்போது நிறுத்தி, சிரிப்பு அடங்கியபின் அடுத்த வரியைச் சொல்ல உயிருள்ள வாயால்தான் முடியும். நடுநடுவே கதையை இணைக்க வில்லுப்பாட்டுத் தெரிந்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் ஒரு குடமும் உடுக்கும் போதும்.

இன்னொரு கதை வேண்டுமானால் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போங்கள். 1994இல் சரணாலயமாக அறிவித்த இடம், 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளுகிறார்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து ஒன்றும், வெடி வாங்கித் தரச் சொல்லி அழும் சின்னப் பையன் ஒருவனும் இருந்தால் பத்து நிமிஷக் கூத்துக்குப் போதும்.

ஒத்திகையை இருட்டின பிறகு வையுங்கள். பகலில் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரு தடவை பல்பை அணைத்துவிட்டு அகல்விளக்கிலும் ஆட்டிப் பாருங்கள். துணியிலிருந்து இரண்டு முழமாவது தள்ளி, பக்கத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீர் வாளியோடு நிற்க வேண்டும். காற்றில் சுடர் அசையும்போது திரையில் இருக்கிற மீனும் நாணலும் யாரும் தொடாமலேயே லேசாக ஆடும். அதைப் பார்த்த பிறகு, ஆற்றுக் காட்சிக்கு மட்டும் அகல் வைத்துக்கொள்ளலாம் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள்.